வெள்ளை தீர்ந்த தாள்

இராசிபுரத்தில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். மாரியம்மன், கல்யாண ஜோடி, காலமான தகப்பனார், பள்ளியில் பரிசு வாங்கிய பெண் என்று எல்லோரையும் கண்ணாடிக்குள் அடக்கி, பின்னால் ஆணி அடித்து அனுப்பிவைப்பதுதான் என் பிழைப்பு. கடைக்கு வாரம் தவறாமல் வந்தும் ஒரு பிரேம்கூடப் போடாதவர் அவர் ஒருவர்தான். மொபெட்டை நிறுத்துவார். நான் வெட்டிக் கழித்த அட்டைத் துண்டுகளைக் குனிந்து கிளறுவார். கோழி சீய்க்கிற மாதிரி இருக்கும். தேறியதை எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க தம்பி" என்று கிளம்பிவிடுவார்.

"அண்ணா, ஒரு படத்தையாவது குடுங்க. காசு வேண்டாம், நானே பிரேம் போட்டுத் தாரேன்" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"பிரேம் போட்டா முடிஞ்சதுன்னு ஆயிருமுங்க. இன்னும் முடியலீங்களே."

எதைக் கேட்டாலும் இதே பதில். எங்கள் தெரு டீக்கடையில் அவருக்கு 'முடியலீங்க' என்றே பெயர். 'முடியலீங்க வந்துட்டுப் போயிட்டாரா?' என்பார்கள். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. அப்படிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

ஒரு ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு லாரிகளுக்கு எடை போடுகிற வேலை அவருக்கு. கல்யாணம் ஆகவில்லை. மற்ற நேரமெல்லாம் படம் வரைவதுதான். ஒரு புட்டி கறுப்பு மசி, மரப்பிடியில் செருகிய இரும்பு நிப்பு, தடித்த வெள்ளைத் தாள், இரண்டு பிளைவுட் பலகை. பலகைகளை சைக்கிள் டியூபைக் கிழித்த ரப்பரால் இறுக்கிக் கட்டி மொபெட்டில் வைத்திருப்பார். மனிதர்களை வரைய மாட்டார். சாமி படம் கேட்டால் சிரிப்பார். காடு, மேடு, மலை, ஏரி, ரோடு. கண்ணுக்கு எதிரே கிடக்கிற நிலம் மட்டும்தான். வலது ஆள்காட்டி விரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும்.

கையில் வித்தை இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. முதன்முதலில் அவர் எனக்குக் காட்டியது ஜேடர்பாளையத்துக் காவிரி. கரை, படித்துறை, நாணல் எல்லாம் மயிரிழைக் கோடுகளில் இருந்தன. நடுவில் தாளை அப்படியே விட்டிருந்தார். "தண்ணி வரையவே இல்லீங்களே" என்றேன். "கரையைப் போட்டா தண்ணி தானா வந்து நின்னுக்குமுங்க" என்றார். மறுபடி பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தது. அன்றைக்கே தேக்கு நிறச் சட்டத்தை எடுத்து அளவு பார்த்துவிட்டேன். அவர் தாளை வாங்கிப் பலகைக்குள் வைத்துக் கட்டினார். எதிர்க்கரையில் யாரோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்களாம். போய் அதைப் போட்டுவிட்டு வருகிறாராம்.

அப்போதுதான் அவருடைய வேலை எப்படிப்பட்டது என்று எனக்குப் புரியத் தொடங்கியது. ஒரு இடத்தை வரைவார். கொஞ்ச நாள் கழித்து அதே இடத்துக்கு அதே தாளோடு போவார். அங்கே ஏதாவது மாறியிருக்கும். மாறியதை அதே தாளில் போடுவார். புதிதாக ஒன்று முளைத்திருந்தால் சிக்கல் இல்லை, முளைத்ததை வரைந்துவிடலாம். ஒன்று போயிருந்தால்? ஒரு புளியமரத்தை வெட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். மரம் நின்ற இடத்தில் இப்போது பின்னால் இருக்கும் கோழிப்பண்ணைக் கொட்டகை தெரிகிறது. அவர் அந்தக் கொட்டகையை மரத்தின் மேலேயே வரைவார். இலைக்குள் தகரமும் தகரத்துக்குள் இலையுமாக ஒரு குழப்பம் வந்து நிற்கும். அடுத்த தடவை அங்கே செல்போன் கோபுரம் வந்திருக்கும். அதுவும் ஏறும்.

"பிளேடால சுரண்டினா மசி வந்துருமேங்ணா. மரத்தை எடுத்துட்டுக் கொட்டாயைப் போடலாமில்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சுரண்டிப்போட்டா அங்க மரமே இருந்ததில்லீன்னு ஆயிருமுங்க. அது பொய்யில்லீங்களா?"

"சரி, அப்ப மரத்தோட நிறுத்திக்கங்க."

"இப்ப மரம் இல்லீங்களே. அதும் பொய்யித்தானுங்க."

"புதுத் தாள்ல வரைங்க. அதுக்கென்ன கேடு?"

அவர் என்னை உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். "எடம் ஒண்ணுதானுங்க தம்பி. தாளு எதுக்குங்க ரெண்டு?"

எனக்கு வந்த எரிச்சலில் அட்டை வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இந்த ஆளோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அவர் வேலை பார்த்த ஆலையின் களத்தை ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் வரைந்திருந்தார். பரந்த களம் முழுக்க ஜவ்வரிசி காய்கிறது. தாளில் ஓரமாக நாலு கோடு, ஒரு குவியலின் நிழல், ஒரு மண்வெட்டி, அவ்வளவுதான். மீதியெல்லாம் வெள்ளை. பார்த்தால் கண் கூசும். "இது ஒண்ணுதானுங்க என்னைய ரோதனை பண்ணாத எடம்" என்று சந்தோசமாகச் சொன்னார். பிறகு ஆலையை மூடினார்கள். அவருக்கு வேலை போனது. களத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டார்கள். வேலை போனதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெள்ளையில் லாரிகள் சிந்திய ஆயில் கறைகளை வரைய ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார்.

இதெல்லாம் ஒரு கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவருடைய அக்கா என் கடைக்கு வரும் வரைக்கும்.

அக்காவின் வீடு சேந்தமங்கலம் போகிற ரோட்டில் இருந்தது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சுற்றிக் கொஞ்சம் மரவள்ளிக் காடு, நாலைந்து தென்னை, ஒரு கிணறு. அழகான வீடு என்றெல்லாம் சொல்ல முடியாது. முன்பக்கம் ஓடு, பக்கவாட்டில் சிமெண்டு அட்டை இறக்கியது, எந்தக் காலத்திலோ பச்சை அடித்த சுவர். ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிடுவது அங்கேதான். அந்த வீட்டையும் வரைந்திருந்தார். வீடு, கிணறு, தென்னை, பின்னால் கொல்லிமலை. அவர் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

புறவழிச்சாலைக்காக மஞ்சள் பூசிய கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கல் வீட்டு வாசலுக்கு உள்ளே நின்றது.

"ஊட்டை இடிக்கப் போறாங்க சாமி" என்றார் அக்கா. கடை ஸ்டூலில் உட்காரவும் இல்லை. "அவன் எங்க ஊட்டை வரைஞ்சு வெச்சிருக்கறான். எப்புடியாச்சும் அவங்கிட்ட வாங்கி அதுக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடு. எனக்கு அது போதும்."

"போட்டோ இருக்குமேங்க்கா?"

"இருக்குது. எல்லாத்துலயும் ஆளுகதான் நிக்கறாங்க. ஊட்டை மறைச்சுக்கிட்டு."

வாஸ்தவம்தான். யார் வீட்டை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்? என் கடைக்கு வந்த இத்தனை படங்களில் ஆள் இல்லாத வீடு ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

கடையில் மாட்டி நாலு பேர் பார்க்கட்டும் என்று சொல்லி அவரிடம் படத்தை வாங்கினேன். என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார். மஞ்சள் கல் ஏற்கெனவே அதில் ஏறியிருந்தது. பாதகமில்லை, சின்னக் கல். நல்ல சட்டமாகப் பார்த்துப் போட்டு, கறையான் ஏறாமல் பின்னட்டைக்குத் தாள் ஒட்டி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோர் கொடுத்தார். படத்தை வீட்டுக்குள் மாட்டச் சொல்லி, எட்ட நின்று பார்த்து, "என்ற ஊடு எம்புட்டு லட்சணமா இருக்குது" என்றார். அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே அதைச் சொன்னார்.

அந்த வாரமே தென்னைகளை வெட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் சுவரில் படத்தைப் பார்த்தார். வெளியே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, அக்காவின் அரிவாள்மனையை எடுத்து என் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, தாளை உருவினார். வாசலில் உட்கார்ந்து, தென்னைகளின் மேல் மலையை வரைந்தார். மரம் போனதால் பின்னாலிருந்த மலை இப்போது முழுசாகத் தெரிந்ததாம். அக்கா கரண்டியோடு நின்று, "வேண்டான்டா, அதை அப்புடியே உடுறா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சியிருக்கிறார்.

"இதை முடிச்சுத் தந்தர்றேனுங்க்கா" என்றாராம்.

என்னிடம் இதைச் சொன்னபோது அக்கா அழவில்லை. "கிறுக்கனைப் பெத்துப்போட்டு எங்கம்மா போய்ச் சேந்துட்டா" என்றார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த தடவை அவர் அட்டை பொறுக்க வந்தபோது, "அது உங்க படமா அக்கா ஊடா? யாரோடதுங்ணா அது?" என்று கத்தினேன். தெருவே பார்த்தது. அவர் பொறுக்கிய அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டை இடித்தார்கள். அக்கா இராசிபுரத்தில் மகள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு வந்தார். சாமான் எல்லாம் மூட்டையும் பெட்டியுமாக வந்து, பாதி பிரிக்கப்படாமலே கட்டிலுக்கடியில் கிடந்தது. அவருடைய தம்பி மட்டும் அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். செங்கல் குவியலை வரைந்தார். கிணற்றை மூடிய மண்ணை வரைந்தார். ரோட்டுக்காகக் கொட்டிய மண்கரையை, கம்பிகளை, தூண்களை வரைந்தார். எல்லாம் அந்த ஒரே தாளில். அந்த வழியாகப் போகும்போது ஒருமுறை அவரைப் பார்த்தேன். ஜேசிபி இரைச்சலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அவரே ஒரு நாள் கடைக்கு வந்தார். ரப்பரை அவிழ்த்து, தாளை என் மேஜைமேல் வைத்தார்.

"பிரேம் போடுங்க தம்பி."

எனக்கு நம்ப முடியவில்லை. "முடிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க. வெள்ளை தீந்துபோச்சுங்க."

குனிந்து பார்த்தேன். மேலே விரலளவுக்கு வானம். அதற்குக் கீழே கறுப்பு. வீடு இருந்த இடத்துக்கு நேர் மேலே மேம்பாலம் வந்துவிட்டதாம். "நாள் பூரா நெழலுங்க. நெழல் உழுந்தா கறுப்புத்தானுங்க" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. எடை சொல்கிற குரலில் சொன்னார். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். மசிமேல் மசி ஏறித் தாள் தடித்திருந்தது. ஓட்டுக்கோடு ஒன்றாவது தெரியாதா என்று தேடினேன். தெரியவில்லை. சட்டம் போடும்போது எனக்கு அழுகை வந்தது. திரும்பி நின்றுகொண்டேன்.

இரண்டு பேருமாக அக்காவிடம் கொண்டுபோனோம். அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"ஊடு எங்கடா?"

அவர் விரலை வைத்தார். "இங்கதானுங்க்கா. அடியில இருக்குது."

"எனக்குத் தெரியிலியே."

அவர் கண்ணாடியிலிருந்து விரலை எடுத்தார். அக்காவே, "சரி, போனது போச்சு. இன்னொரு தாளு எடு. அன்னிக்கி இருந்தாப்புல ஒண்ணு வரைஞ்சு குடு" என்றார்.

"இல்லாததை எப்புடிங்க்கா பாத்து வரையறது?"

"நான் சொல்றேன். நீ போடு."

எனக்குத் தெரிந்து அவர் தன் நியாயத்தை விட்டுக்கொடுத்தது அன்றைக்கு மட்டும்தான். ஒரு இடத்துக்கு இரண்டாவது தாள். பலகையை மடியில் வைத்துப் புதுத் தாளை எடுத்து, நிப்பை மசியில் தோய்த்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். இந்தக் கை அந்த வீட்டை மறுபடி கொண்டுவந்துவிடும் என்றே நம்பினேன்.

"வாசக்கதவு. ரெண்டு பக்கமும் ஜன்னலு" என்றார் அக்கா.

"எடது பக்கம் ஜன்னல் இல்லீங்க்கா. அங்க அட்டை எறக்கினது."

"அட்டை சோத்தாங்கைப் பக்கமில்லடா?"

"உள்ள இருந்து பாத்தா சோத்தாங்கை. வெளிய இருந்து பாத்தா..." அவர் நிறுத்திவிட்டார். "இல்ல, அப்புடியும் வரலீங்களே."

"சரி, உடு. கெணறு ஊட்டுக்குப் பின்னால."

"பின்னாலயா? பக்கத்துலன்னா நெனச்சேன்."

"வாசப்படியைப் போடு."

"எத்தனை படிங்க்கா?"

அக்கா விரல் மடக்கத் தொடங்கி, பாதியில் விட்டார். "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஏறி எறங்கினேன். எண்ணியா பாத்தேன்?" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீ வந்திருக்கியே சாமி. எத்தனை படி?"

நானும் அந்தப் படியில் ஏறியவன்தான். எனக்கு மோர்தான் நினைவிருந்தது.

அவர் நிப்பில் மசி காய்ந்துவிட்டது. மறுபடி தோய்த்தார், மறுபடி காய்ந்தது. எத்தனை தடவை அந்த வாசலில் உட்கார்ந்து கோடு கோடாகப் பார்த்த மனிதர். பார்த்ததையெல்லாம் உடனுக்குடன் தாளில் இறக்கி வைத்துவிட்டதால் மனசில் ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கடைசியில் தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மாடிகளுக்கு மேலே தூரத்தில் கொல்லிமலை தெரிந்தது. அதன் விளிம்பை மட்டும் ஒரே கோடாக இழுத்தார். அருமையான கோடு. அதற்குக் கீழே தாள் முழுக்க வெள்ளை.

"முடிச்சுக் கொண்டாரேனுங்க்கா" என்று எழுந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கறுப்புப் படத்தை மகள் வீட்டு முன்னறையில் மாட்டினார்கள். கறுப்புக்கு மேல் கண்ணாடி போட்டால் முகம் தெரியும், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அக்காவின் பேத்தி அதில் பார்த்துத் தலை வாரிக்கொள்வதை நானே கண்டிருக்கிறேன்.

அக்காவின் தம்பி ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போனார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய பலகைகளைக் கட்டோடு என்னிடம்தான் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தேன். காவிரியின் எதிர்க்கரை கறுத்து, தண்ணீரையும் தொட்டிருந்தது. ஜவ்வரிசிக் களத்தில் ஒரு மூலை மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. மலைக்கோடு போட்ட தாளும் இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளிகூட வைத்திருக்கவில்லை.

காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு போட்டோ வேண்டுமே. அக்கா அதுவரை பிரிக்காமல் கிடந்த பெட்டியைப் பிரித்து, ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மகளுக்குச் சீர் செய்தபோது வாசலில் எடுத்தது. அவர் தாய்மாமனாகத் தட்டை ஏந்திக்கொண்டு, வெட்கமாகச் சிரித்தபடி நிற்கிறார். தோளுக்குப் பின்னால் கையகலத்துக்குப் பச்சைச் சுவரும் பாதி ஜன்னலும் தெரிந்தன.

"பெருசாப் பண்ணிக் குடு சாமி. எத்தனை பெருசாகுமோ அத்தனை பெருசா. பின்னால ஊடு இருக்குது பாரு."

"சரிங்க்கா" என்றேன்.

படத்தைப் பெரிதாக்க நான் வழக்கமாகக் கொடுக்கிற ஸ்டுடியோவில் கொடுத்தேன். பின்னால் இருப்பதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். காரியத்தன்று காலையில் போய் வாங்கினால், ஸ்டுடியோக்காரர் சுவரையும் ஜன்னலையும் தட்டையும் எடுத்துவிட்டு, தோளைச் சுற்றி நீல வானமும் மேகமும் வைத்திருக்கிறார்.

"சொன்னேனில்லீங்க?" என்றேன்.

"சாமிகிட்டப் போனவங்களுக்கு நீலந்தானுங்களே போடுவோம். கை பழக்கத்துல போட்டுட்டேனுங்க" என்றார் அவர். மாற்றித் தரச் சொல்ல நேரமில்லை. அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள். சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

முன்னறையில் கறுப்புப் படத்துக்குப் பக்கத்தில் இடம் ஒழித்து வைத்திருந்தார்கள். நான் ஸ்டூலில் ஏறினேன். அக்கா படத்தை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய தோளுக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"பெருசு பண்ணினா மிச்ச ஊடும் தெரியுமின்னு இருந்தேன்" என்றார். "இதுலயும் இல்லியா சாமி?"

நான் ஆணியைச் சுவரில் வைத்து அடித்தேன். படத்தைக் கேட்டுக் கையை நீட்டினேன். கொடுத்தார். மாட்டிவிட்டு இறங்கினேன்.